மூக்கில்லாத பழைய லாரி: சீரமைக்க எதை வாங்கலாம்?

பழைய லாரி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்கிறார்கள். ஒரே முடுக்கில் எஞ்சின் எழுந்து, புகையும் குறைவாக வந்தால் முகம் மலர்ந்துவிடுகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போனேன். பெங்களூரில் பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளைப் பழைய வண்டிகளோடு கழித்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: மூக்கில்லாத வண்டியில் எஞ்சின் கடைசிக் கவலை, கேபின்தான் முதல் கவலை.

மூக்குள்ள லாரியில் எஞ்சின் முன்னால் தனியாக இருக்கும். ஓட்டுநர் அதற்குப் பின்னால் உட்காருவார். மூக்கில்லாத வண்டியில் அவர் எஞ்சினின் மேலேயே உட்காருகிறார். அதே நீளத்தில் கூடுதலாகச் சரக்கு ஏற்றலாம், குறுகிய தெருவிலும் திருப்பலாம் என்பதற்காக வந்த அமைப்பு அது. அதனால் எஞ்சினின் சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் சாலையின் குலுக்கலும் நேராகக் கேபின் தகரத்துக்கு வந்து சேர்கின்றன. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்ததும் மழைநீர் உள்ளே இறங்குகிறது. கால் வைக்கும் இடத்தில் விரிப்புக்குக் கீழே தேங்கி, சில ஆண்டுகளில் அடித்தகரத்தைச் சல்லடையாக்கிவிடுகிறது.

எஞ்சினுக்கு இந்த ஊரில் வழி உண்டு. தேய்ந்தால் சிலிண்டரின் உள்ளுறையான ஸ்லீவை மாற்றலாம், கிராங்க் தண்டைக் கிரைண்டிங் செய்யலாம். டீசல் பம்ப் என்றாலே மைக்கோ என்று நாடெங்கும் சொல்லிப் பழகிய அந்தப் பெயருக்கு பெங்களூரின் ஆடுகோடிதான் வீடு. 2008இல் நிறுவனத்தின் பெயர் பாஷ் என்று மாறிய பின்னும், பழைய மெக்கானிக்குகளின் வாயில் அது மைக்கோ பம்ப்தான். பம்பையும் நாசிலையும் சரிபார்த்துக் கொடுக்கிறவர்களைத் தேடிக் கலாசிபாளையம் பக்கம் போனால் பாதிப் பேச்சு தமிழிலேயே முடிந்துவிடும். ஆனால் இற்றுப்போன கதவின் அடிப்பகுதியையோ முன்கண்ணாடி மூலையையோ கடையில் கேட்டு வாங்க முடியுமா என்பது வண்டிக்கு வண்டி மாறுகிறது. ஆகவே கீழே ஒவ்வொரு வண்டியையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போடுகிறேன்.

டாடா 407

முதல் முறையாக இறங்குகிறவருக்கு என் பதில் தயக்கமில்லாமல் 407தான். 1986இல் வந்த வண்டி. பழைய 407இல் இருப்பது 2956 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல் எஞ்சின். மின்னணு எதுவும் இல்லை. ஸ்பானரும் பொறுமையும் உள்ள ஒருவர் இதைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியும்.

சிலர் 407ஐ மூக்கில்லாத வண்டி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. முன்னால் குட்டையாக ஒரு பானெட் உண்டு. எஞ்சினின் மீதிப் பகுதி கேபினுக்குள் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே மூடிக்குள் இருக்கிறது. பாதி உள்ளே, பாதி வெளியே. தூய்மை பார்ப்பவர்கள் அடுத்த வண்டிக்குப் போகலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ரேடியேட்டரை நின்றபடியே பார்க்க முடிகிறது.

407இன் பெரிய பலம், அதே முகச்சாயலோடு இன்றுவரை அது விற்பனையில் இருப்பதுதான். கதவு, முன்கண்ணாடி, விளக்கு வளையம், ரப்பர் எல்லாம் பெங்களூர் ஜே.சி. சாலை உதிரிக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். 7.50-16 டயர் எங்கும் உண்டு. பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் இடையே ஆணித் துளைகளும் விளிம்புகளும் எல்லா இடத்திலும் பொருந்தாது. டிங்கரிங் செய்பவர் அரை நாள் தட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அது சின்ன வேலை.

இதற்கு எதிராகச் சொல்ல ஒன்று உண்டு. 407 அரிய வண்டி கிடையாது. எத்தனை அழகாகச் சீரமைத்து நிறுத்தினாலும் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பார்க்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு மற்ற வண்டிகள் இருக்கின்றன.

ஜப்பானிய நால்வர்

1980களின் நடுவில் நான்கு ஜப்பானியக் கூட்டுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நம் சாலைக்கு வந்தன. உத்தரப் பிரதேசத்தின் சூரஜ்பூரில் டி.சி.எம். டொயோட்டா, பஞ்சாபில் ஸ்வராஜ் மஸ்டா, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் மிட்சுபிஷியோடு சேர்ந்து கேண்டர் செய்த ஐஷர், அன்றைய ஆந்திரத்தின் ஜாஹீராபாத்தில் ஆல்வின் நிசான். கனமான மூக்கு லாரிகளையே பார்த்து வளர்ந்த ஊருக்கு, கார் போலக் கண்ணாடி அகன்ற அந்தச் சிறிய லாரிகள் வேறோர் உலகத்திலிருந்து வந்தவைபோல இருந்தன. 407 அந்த நால்வரையும் எதிர்த்து நின்ற உள்நாட்டு வண்டி.

நால்வரில் இருவர் நிலைக்கவில்லை. டி.சி.எம். டொயோட்டா 1990களில் கொரியாவின் தேவூ கைக்குப் போய்க் கார் தயாரிப்பாக மாறியது. ஆல்வின் நிசான் மகேந்திராவோடு இணைந்தது. ஆனால் பெயர்கள் மக்கள் வாயில் தங்கிவிட்டன: தெலுங்கு பேசும் ஊர்களில் இன்றும் இந்த அளவு லாரி எதுவானாலும் டி.சி.எம்.; பெங்களூரில் எதுவானாலும் கேண்டர். வீடு மாற்ற வண்டி பிடிக்கிறவர் "ஒரு கேண்டர் சொல்லுங்கண்ணா" என்றால், வருவது வேறு நிறுவனத்து வண்டியாகவும் இருக்கலாம். யாரும் கேள்வி கேட்பதில்லை.

என் மனம் சாய்வது ஆல்வின் நிசானை நோக்கித்தான் என்பதை மறைக்கவில்லை. நிசான் கேப்ஸ்டாரின் அந்தச் சதுர முகம் இன்று சாலையில் காணக் கிடைப்பதே இல்லை. ஆனால் கேள்வியை மறக்கக் கூடாது. கதவுத் தகரம் போய்விட்டால் இன்னொரு இறந்த ஆல்வினைத் தேட வேண்டும். அது எந்த ஊர்க் காயலான் கடையில் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் இரண்டு தீபாவளி போய்விடும். டி.சி.எம். டொயோட்டாவுக்கும் இதே நிலைதான். கேபின் முழுதாக, துளையை மறைக்கும் பட்டி பூசாமல், துருவில்லாமல் இருந்தால் மட்டும் இந்த இரண்டில் ஒன்றைத் தொடுங்கள். எஞ்சின் இறுகிக் கிடந்தாலும் பரவாயில்லை.

கேண்டரும் ஸ்வராஜ் மஸ்டாவும் வேறு வகை. இரண்டும் நீண்ட காலம் உற்பத்தியில் இருந்தவை. கேண்டரில் 3.3 லிட்டர், ஸ்வராஜில் 3.5 லிட்டர்; ஓட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டை நான் உணர்ந்ததில்லை. ஸ்வராஜின் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஏராளமான பள்ளிப் பேருந்துகளில் ஓடியவை என்பதால் இயந்திர உதிரிகளுக்கு அலைச்சல் குறைவு. ஆனால் அந்தப் பேருந்துகளின் உடல் வேறு. கேபின் தகரத்துக்கு அவை உதவாது. கேண்டரின் கேபின் கர்நாடகத்தில் காயலான் கடைதோறும் கிடக்கிறது. அதனால் இந்த இருவரில் பெங்களூர்க்காரருக்குக் கேண்டர், ஒரு வண்டியைச் செய்து முடித்த கைக்கு.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: பார்க்கும் வண்டியில் கேபின் முன்னால் சாய்கிறதா, சாயாமல் நிலையாக இருக்கிறதா? சாயும் கேபின் என்றால் எஞ்சின் வேலை முழுவதும் சுகம். ஆனால் கீல், தாழ்ப்பாள், கேபின் தாங்கும் ரப்பர் மூன்றும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். தேய்ந்த தாழ்ப்பாளோடு கேபினைச் சாய்த்து அதன் கீழே தலையை நீட்டாதீர்கள். முட்டுக் கொடுத்த பிறகுதான் கீழே குனிய வேண்டும். என் பட்டறையில் இதற்கு விதிவிலக்கே இல்லை.

மகேந்திரா எஃப்சி

இது லாரி உருவத்தில் இருக்கும் ஜீப். அமெரிக்காவில் வில்லீஸ் நிறுவனத்துக்காக புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1956 இறுதியில் வெளிவந்தது எஃப்சி-150. சிஜே-5 ஜீப்பின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான 81 அங்குல இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு, கேபினைத் தூக்கி எஞ்சின் மேல் வைத்தார்கள். அங்கே 1965இல் நின்றுபோன பிறகு மகேந்திரா இங்கே தொடர்ந்து செய்தது. பின்னர் எஃப்சி-160, டீசல் எஃப்சி-260 என்று வந்தன. எடை முழுவதும் முன்னால் குவிவதால், காலியாகப் போகும்போது வேகமாகப் பிரேக் பிடித்தால் பின்பக்கம் இலேசாகிவிடும். அமெரிக்கர்களும் இதனோடு போராடினார்கள். 1958இல் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே அகலத்தைக் கூட்டினார்கள்; அது பக்கவாட்டில் சாயாமல் இருக்க உதவியது.

கேபின் தகரம் கடையில் கிடைக்காது. ஆனால் அதன் வளைவுகள் எளியவை. நல்ல டிங்கரிங் கைக்கு, மாதிரி முன்னால் இருந்தால், கையாலேயே வளைத்துவிட முடியும். நீளம் 12 அடிக்குச் சற்று மேல் என்பதால் முப்பதுக்கு நாற்பது மனையில் கட்டிய வீட்டு முற்றத்திலும் நிறுத்தலாம். 407 பதினைந்து அடியைத் தாண்டும். அதற்கு ஊருக்கு வெளியே ஆனேக்கல், அத்திபெலே பக்கம் கொட்டகை பார்க்க வேண்டியிருக்கும்.

சட்டத்தாலும் இந்த வண்டிக்கு ஒரு சிறப்பு உண்டு. 2021இல் வந்த பழம்பெரும் வண்டி விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' வரிசையில் தனிப் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பொருட்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்ற தேவைக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். மேலே சொன்ன 1980களின் வண்டிகள் எதற்கும் இன்னும் அந்த வயது வரவில்லை. மஞ்சள் பலகைச் சரக்கு வண்டி என்பது இன்னொரு தடை. தனியார் ஜீப்பாகப் பதிவான பழைய எஃப்சி-150 இருந்தால் அதற்கு வழி திறக்கிறது. ஆனால் சேஸிஸ், உடல், எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் ஏற்றிய ஜீப்புகள் நம் ஊரில் ஏராளம். அதனால் இந்த ஒரு வண்டிக்கு மட்டும் நான் முதலில் சொன்னதை மாற்றிச் சொல்கிறேன்: எஞ்சினையும் பாருங்கள், அதன் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டும் பாருங்கள்.

அசோக் லேலண்ட் கார்கோ

இங்கிலாந்தின் ஃபோர்டு கார்கோவின் கேபின். இவெகோ வழியாக 1994இல் இங்கே வந்தது. அழகான வண்டி, கதவில் கீழே இறங்கிவரும் அந்தக் கண்ணாடி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் பொழுதுபோக்குக்கு வேண்டாம் என்பேன். பெரியவற்றில் காற்று பிரேக். டயர் முதல் கிளட்ச் வரை எல்லாம் ஒரு படி கனம், ஒரு படி செலவு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டும் உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஜப்பானிய வண்டிகளும் 407உம் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். கார்கோவில் எடையை ஆர்.சி.யில் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

காகிதம்

தகரத்துக்கு அடுத்தபடி வண்டியை முடக்குவது காகிதம். சரக்கு வண்டி எட்டு ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் பல மடங்கு ஏறியது. அரசு ஏலத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாயாதீர்கள்: அரசு வண்டிகளின் பதிவு 15 ஆண்டுக்கு மேல் புதுப்பிக்கப்படுவதில்லை என்பது 2023 ஏப்ரல் முதல் விதி. அங்கே வாங்குவது உதிரிக்கு மட்டுமே ஆகும். பத்து ஆண்டு கடந்த பழைய டீசலுக்குத் தலைநகரில் கட்டுப்பாடு இருப்பதால் டெல்லி வண்டிகள் கண்ணைப் பறிக்கும் விலையில் வரும்; என்.ஓ.சி. என்னும் தடையின்மைச் சான்று கைக்கு வராமல் முன்பணமும் கொடுக்க வேண்டாம்.

நான் ஒரு முறை ஏமாந்தது இங்கேதான். ஒரு வண்டியின் மேல் பழைய கடன் ஆர்.சி.யில் நீக்கப்படாமல் இருந்தது. கடன் கொடுத்த நிறுவனமே மூடப்பட்டுவிட்டதால் தடையின்மைச் சான்று தர ஆளில்லை. ஓராண்டு நடந்தேன். வண்டி கொட்டகையில் இருந்தது, என் பெயரில் இல்லை. அந்த ஓராண்டில் நான் ஒரு போல்ட்டையும் திருகவில்லை; பிறர் பெயரில் உள்ள வண்டிக்கு வேலை செய்ய மனம் வரவில்லை.

பார்க்கப் போகும் நாளைத் தேர்ந்தெடுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். கையில் சின்னக் காந்தம் ஒன்று இருக்கட்டும். கதவின் அடியிலும் கண்ணாடி மூலையிலும் வைத்தால் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. பிறகு ஓட்டுநர் பக்கத்து விரிப்பைத் தூக்கி உள்ளங்கையை அடித்தகரத்தின் மேல் வையுங்கள். ஈரமாக இருந்தால் விலை பேசுங்கள். விரல் உள்ளே இறங்கினால், அது 407ஆகவோ கேண்டராகவோ இருந்தால் மட்டும் பேசுங்கள்.