குழு யோகா வகுப்பு: ஐயங்கார், மைசூர், வின்யாசா, ஹாட் யோகா… புதியவர் எதில் சேரலாம்?

நேரம் ஒத்துவருகிறது, இடம் பக்கத்தில் இருக்கிறது, 'பிகினர்ஸ்' என்றும் போட்டிருக்கிறார்கள். முதல் யோகா வகுப்பைப் பலரும் இப்படித்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் ஆரம்பநிலை வகுப்பு என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு இடங்களுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே கலைதானா என்றே சந்தேகம் வரும். ஓரிடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு ஆசனம்தான். இன்னோரிடத்தில் அதே ஒரு மணி நேரத்தில் மூச்சு விடும் இடைவெளியில் ஒரு நிலை மாறிக்கொண்டே இருக்கும்.

எந்த மரபு உயர்ந்தது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. புதிதாகச் சேருபவருக்கு அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்க ஆசிரியருக்கு அந்த வகுப்பில் நேரம் இருக்கிறதா, இல்லையா? கீழே வரும் வகுப்புகளை அந்த ஒரு அளவுகோலை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

ஐயங்காரும் மைசூரும்: ஒரே வேர், இரண்டு வழி

இன்று உலகமெங்கும் நடக்கும் ஆசன வகுப்புகளில் பாதிக்கு மேல் எங்கோ ஓரிடத்தில் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரைத் தொட்டுத்தான் போகும் என்பது என் கணிப்பு. 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் அவர் நடத்திய யோகசாலையில் பயின்ற இருவர் பின்னாளில் நேரெதிர்த் திசைகளில் போனார்கள். பி.கே.எஸ். ஐயங்கார் புணேக்குப் போனார். பட்டாபி ஜோயிஸ் மைசூரிலேயே இருந்தார்.

சிறுவயதில் நோயால் நலிந்து கிடந்தவர் ஐயங்கார். அவருடைய முறையில் முடியாத உடம்புக்கும் இடம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். ஐயங்கார் வகுப்புக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சாமான்கள்தான்: மரக்கட்டை, பெல்ட், மடித்த கம்பளி, இரும்பு நாற்காலி, சுவரில் தொங்கும் கயிறு. கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் த்ரிகோணாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர் கை தரையைத் தொட்டே ஆகவேண்டும் என்று குனிவார். மார்பு தரையைப் பார்த்துத் திரும்பிவிடும், முன்கால் முட்டி உள்ளே மடங்கும். ஐயங்கார் ஆசிரியர் கைக்கடியில் ஒரு கட்டையை வைப்பார். பின்குதிகாலை அழுத்தச் சொல்வார், தொடையை இறுக்கி முட்டிச்சில்லை மேலே தூக்கச் சொல்வார். அந்தக் கட்டையின் உயரம் கிடைத்ததும் மார்பு தானாகத் திறக்கும். அதே ஆசனத்தை இரண்டாம் முறை செய்யச் சொல்லும்போது வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

குறையும் உண்டு. வியர்க்க வேண்டும், வேகமாக ஓட வேண்டும் என்று வருபவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். கண்டிப்பான குரலில் பேசும் ஆசிரியர்கள் இந்த மரபில் அதிகம். பிராணாயாமம் உடனே கிடைக்காது. நின்று செய்யும் ஆசனங்களில் கால் ஊன்றிய பிறகுதான் அங்கே போவார்கள்.

ஜோயிஸ் வழியில் வந்தது அஷ்டாங்க வின்யாச யோகா. இதில் ஆசனங்களின் வரிசை மாறாது. சூரிய நமஸ்காரத்தில் தொடங்கி முதல் வரிசை முழுவதும் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகலாம், உடம்புக்குக் கடுமையானது. அதனால் புதியவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதுமே பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அஷ்டாங்கத்தில் இரண்டு விதமான வகுப்பு உண்டு. ஆசிரியர் எண்ணிக்கை சொல்ல எல்லோரும் ஒன்றாகச் செய்வது ஒன்று. அது புதியவருக்கு வேண்டாம். மற்றது 'மைசூர் முறை'. ஒரே கூடத்தில் எல்லோரும் இருப்பார்கள், ஆனால் ஆளாளுக்கு அவரவர் மூச்சின் வேகத்தில் செய்வார்கள். முதல் நாள் உங்களுக்கு சூரிய நமஸ்காரம் மட்டும் சொல்லிக்கொடுத்து, அதையே சில முறை செய்யவிட்டு, படுக்கவைத்து அனுப்பிவிடுவார்கள். அது மனதில் பதிந்த பிறகுதான் அடுத்த ஆசனம். பக்கத்து மேட்டில் (யோகா விரிப்பில்) இருப்பவர் காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவதைப் பார்த்து மிரளாமல் இருந்தால், குழுவுக்குள் இருந்துகொண்டே தனிப்பாடம் கிடைக்கும் அருமையான ஏற்பாடு இது. என் கணக்கில் ஐயங்காருக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. மைசூர் முறையில் ஆசிரியர் கையால் அழுத்தித் திருத்துவது வழக்கம். வேண்டாம் என்றால் வகுப்பு தொடங்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முகம் சுளிக்கும் ஆசிரியர் என்றால் அந்த இடமே வேண்டாம்.

சிவானந்த மரபு, பொது ஹட யோகா

சுவாமி விஷ்ணுதேவானந்தா வழியாக உலகெங்கும் பரவிய சிவானந்த வகுப்புகளில் 12 அடிப்படை ஆசனங்கள், அவற்றுக்கு இடையிடையே படுத்து ஓய்வு, தொடக்கத்திலேயே பிராணாயாமம். யோகாவை உடற்பயிற்சியாக மட்டும் பார்க்காதவர்களுக்கு இது மனசுக்குப் பிடிக்கும். எனக்கு இதில் ஒரே ஒரு கவலை: தலைகீழாக நிற்கும் சிரசாசனமும் சர்வாங்காசனமும் வரிசையின் ஆரம்பத்திலேயே வருகின்றன. நல்ல ஆசிரியர் புதியவருக்கு மாற்று நிலை தருவார். தராவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

வெறுமனே 'ஹட யோகா' என்று போட்டிருந்தால் அது ஆசிரியரைப் பொறுத்தது. அமைதியாகவும் இருக்கலாம், முறிக்கும் வேகத்திலும் இருக்கலாம். கேட்டுவிட்டுப் போங்கள்.

வின்யாசா: ஈர்க்கும், ஆனால் முதலில் வேண்டாம்

மூச்சோடு சேர்த்து ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நிற்காமல் மாறிக்கொண்டே போகும் வகுப்பு இது. அதிகம் பேர் சேருவது இதில்தான். இசை ஓடும், உடம்பு சூடேறும், நேரம் போவதே தெரியாது. இந்த சந்தோஷத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதுதான் பலரை மறுநாளும் வரவைக்கிறது. சிக்கல் சதுரங்க தண்டாசனத்தில் இருக்கிறது. பலகை நிலையிலிருந்து முழங்கையை மடக்கி உடம்பைப் பாதி இறக்கி நிறுத்தும் நிலை அது. தோள் முழங்கை மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது. முழங்கை விலாவை ஒட்டியே இருக்க வேண்டும். புதியவருக்கு முதல் மூன்று முறை சரியாக வரும். வின்யாசாவில் ஒரே வகுப்பில் இருபது முறைக்கு மேல்கூட வரலாம். கை சோர்ந்த பிறகு தோள் முன்னால் சரிந்து விழும், முழு எடையும் தோள்மூட்டின் முன்பக்கத்தில் இறங்கும். அதைக் கவனித்துச் சொல்வதற்குள் ஆசிரியர் அடுத்த நிலைக்குப் போயிருப்பார். மணிக்கட்டு வலி, தோள்வலி என்று பாதியில் நிற்பவர்கள் பலரின் கதை இதுதான்.

ஏற்கெனவே வின்யாசாவில் சேர்ந்துவிட்டீர்கள் என்றால் விட வேண்டாம். சதுரங்கம் வரும்போதெல்லாம் முட்டியைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் எல்லோரிலிருந்தும் வேறாகத் தெரிவீர்கள், பரவாயில்லை.

ஹாட் யோகா, யின்

பிக்ரம் சவுத்ரி பிரபலமாக்கிய முறையில் சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில், 90 நிமிடத்தில், 26 ஆசனங்களும் இரண்டு மூச்சுப் பயிற்சிகளும். ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கொண்டாட முடியாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதே வரிசை இப்போது வேறு பெயர்களிலும் நடக்கிறது. வரிசை மாறாதது புதியவருக்கு வசதிதான். ஆனால் சூட்டில் தசை இளகுவதால், எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்பு சொல்வது மழுங்கிவிடும். அன்று எட்டிய தூரத்துக்கான விலை மறுநாள் காலையில்தான் தெரியும். கர்ப்பிணிகள், இதயநோய் உள்ளவர்கள் இந்தப் பக்கம் போகவே கூடாது. மற்றவர்களும் வேறொரு வகுப்பில் தேறிவிட்டு வரட்டும்.

யின் வகுப்பில் ஒரு நிலையில் மூன்று முதல் ஐந்து நிமிடம்வரை அசையாமல் இருக்க வேண்டும். வேலை முடிந்து மாலையில் போக நல்லது. மூட்டுகள் இயல்பிலேயே அளவுக்கு மீறி வளைபவர்களுக்கு மட்டும் ஏற்றதல்ல.

தொடர் வகுப்பா, நினைத்த நாளில் போகும் வகுப்பா?

எந்த மரபு என்பதைவிட இது அதிகம் பாதிக்கும் என்றுகூடச் சொல்வேன். தொடர் வகுப்பில் ஒரே நாளில் சேர்ந்த அதே ஆட்கள் ஆறு, எட்டு வாரம் சேர்ந்து படிக்கிறார்கள். நேற்று சொன்னதன் மேல் இன்று கட்டுவார்கள், உங்கள் இடுப்பு எப்படி மடங்கும் என்று ஆசிரியருக்குப் பழகிவிடும். நினைத்த நாளில் போகும் வகுப்பில் உங்களோடு பத்து வருடம் செய்தவரும் நிற்பார். ஆசிரியர் நடுவாந்தரத்தில் ஏதோ ஒரு நிலைக்குப் பாடம் எடுப்பார். கட்டணமும் வசதியும் இரண்டாவதன் பக்கம் இருந்தாலும், முதல் இரண்டு மாதத்துக்குத் தொடர் வகுப்பே மேல்.

ஆள் எண்ணிக்கையையும் கேளுங்கள். ஒரு ஆசிரியருக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் திருத்தம் கிடைக்கும். முப்பது பேர் என்றால் உதவி ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர் முன்னால் நின்று தானும் முழு வகுப்பையும் செய்துகொண்டே இருக்கிறாரா, மேட்டுகளுக்கு நடுவே நடக்கிறாரா என்பதைச் சேருமுன் ஒரு வகுப்பை வேடிக்கை பார்த்தால் தெரிந்துவிடும். சான்றிதழைவிட இதையே நான் நம்புவேன். பரவலாகக் காணும் 200 மணி நேரச் சான்றிதழ் என்பது தொடக்கப் பயிற்சி முடித்ததற்கான அடையாளம். ஐயங்கார் மரபிலோ பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு தேர்வு வைத்துத்தான் ஆசிரியராக்குகிறார்கள்.

எந்த வகுப்பானாலும் வாய்திறந்து சொல்ல வேண்டியவை

உயர் ரத்த அழுத்தம், கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா), முதுகுத்தட்டுப் பிதுக்கம், எலும்பு மெலிவு, குடலிறக்கம், கர்ப்பம், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆசிரியரிடம் சொல்லியாக வேண்டும், மருத்துவரையும் கேட்டிருக்க வேண்டும். தலைகீழ் ஆசனங்களில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். தட்டுப் பிதுங்கியவர் முதுகை வளைத்து, உட்கார்ந்தபடி முன்னால் குனியும் பஸ்சிமோத்தானாசனம் செய்தால் வலி கூடும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி ஆகாது. கேட்காமலேயே வகுப்பைத் தொடங்கும் ஆசிரியரிடம் நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். கேட்டும் 'அதெல்லாம் யோகா சரிபண்ணிடும்' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

நேரலை வகுப்பில் சேருபவர்களுக்கு ஒரு வார்த்தை. போனை எதிரில் வைத்தால் உங்கள் முகம்தான் தெரியும். மேட்டுக்குப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், தலைமுதல் பாதம்வரை தெரியும்படி தள்ளி வையுங்கள். முதுகு வளைவதும் முட்டி விலகுவதும் அந்தக் கோணத்திலிருந்துதான் ஆசிரியருக்குத் தெரியும்.