கேமரன் மலையில் வழிகாட்டி என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்

பள்ளி விடுமுறையில் கிள்ளானிலிருந்து பினாங்குக்குக் காரில் புறப்பட்ட நாங்கள், வழியில் தாப்பாவில் திரும்பி மலையேறி, ரிங்லெட்டில் இருக்கும் சித்தி வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். என் கணவர், பத்து வயது மகள், 64 வயதான என் அம்மா, நான் என மொத்தம் நால்வர். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும் பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த மலையில் மேகம் மரங்களுக்குள்ளேயே வந்து தங்குவதால், அடிமரம் முதல் கிளை நுனி வரை பாசி படர்ந்து, மரங்கள் குட்டையாக முறுக்கிக்கொண்டு நிற்கும். உச்சிக்கு அருகில் வரை வாகனம் போகும், உள்ளே பலகைப் பாதையும் இருக்கிறது என்பதால் அம்மாவால் முடியும் என்று நம்பினோம்.

மறுநாள் காலை ரிங்லெட் கடைவரிசையில் பசியாறிக்கொண்டிருந்தபோது ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். நல்ல தமிழ். அம்மாவை "அம்மா" என்றும் என்னை "அக்கா" என்றும் அழைத்து, தாமும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று சொன்னார். பெர்மிட் இல்லாமல் காட்டுக்குள் நுழைந்தால் பத்தாயிரம் வெள்ளி அபராதம் என்று எச்சரித்து, பெர்மிட், ஜீப், வழிகாட்டி, மதிய உணவு எல்லாம் சேர்த்து நால்வருக்கும் 480 வெள்ளி கேட்டார். அபராதம் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி, நிரந்தர வனக் காப்பகத்துக்குள் பெர்மிட் இன்றி நுழைபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க முடியும். உண்மையான ஒரு சட்டத்தைச் சொல்லியே அவர் எங்கள் நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சித்தி விடியற்காலையிலேயே பூத்தோட்ட வேலைக்குப் போய்விட்டதால், கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஆளும் இல்லை. கைப்பேசியில் பணம் செலுத்தியபோது திரையில் வந்த கணக்குப் பெயர் அவர் சொன்ன பெயராக இல்லை. அதைப் பார்த்தும் நான் அழுத்திவிட்டேன்.

எட்டரைக்கு வருவதாகச் சொன்ன வண்டி பத்தே முக்காலுக்கு வந்தது. ஜீப் அல்ல, கதவு சரியாக மூடாத ஒரு பழைய வேன். பிரிஞ்சாங் சாலையில் மண் சரிந்துவிட்டது, அதைவிட அழகான வேறொரு மலை இருக்கிறது என்று சொல்லி, தானா ராத்தாவுக்குப் பின்புறம் உள்ள பத்தாம் எண் காட்டுப் பாதையின் தொடக்கத்தில் எங்களை இறக்கிவிட்டார். ஜாசார் மலைக்குப் போகும் பாதை அது. வழிகாட்டியாக வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கழுத்தில் தொங்கிய அட்டை நிழற்படி எடுத்து ஒட்டியது என்பது அருகில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. மதிய உணவு என்று கையில் கொடுத்தது நான்கு ரொட்டியும் இரண்டு தண்ணீர்ப் போத்தலும்.

நல்ல கால் உள்ளவர்களுக்கு அது எளிதான பாதைதான். மழை பெய்த மறுநாள், வேர்கள் படிக்கட்டுப் போல நீண்டு வழுக்கும் ஏற்றத்தில், முழங்கால் வலியோடு நடப்பவருக்கு அது எளிதல்ல. அம்மா ஒவ்வொரு வேரையும் கையால் பிடித்துப் பிடித்து ஏறினார். பாதை பிரியும் ஓர் இடத்தில் பையனுக்கு அழைப்பு வந்தது. "நேரா போங்க அக்கா, இருபது நிமிஷம், வேன் நிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே இறங்கிப் போனவன் திரும்பவே இல்லை. பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. முன்னே போகாமல் வந்த வழியே திரும்புவது என்று என் கணவர் முடிவெடுத்ததால்தான் நாங்கள் தப்பினோம். மகளின் கணுக்காலில் மூன்று அட்டைகள். சாலைக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஆறரை. வேன் இல்லை, அவருடைய எண்ணும் அணைக்கப்பட்டிருந்தது.

அன்றிரவு, காலையில் பணம் செலுத்தியதற்கு அந்த ஆள் கொடுத்திருந்த ரசீதைச் சித்தி வாங்கிப் பார்த்தார். பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் கிழித்த பாதித் தாள். "பெர்மிட் 4" என்று நீல மையில் எழுதியிருந்ததே தவிர, வரிசை எண்ணோ வன இலாகாவின் முத்திரையோ இல்லை. மறுநாள் பிரிஞ்சாங் போய்ப் பார்த்தோம். சாலை திறந்தே இருந்தது, வண்டிகள் வந்துபோய்க்கொண்டிருந்தன. அம்மா இறங்க மறுத்து, தேயிலைச் சரிவைப் பார்த்தபடி காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

போலீசில் புகார் செய்திருக்கிறோம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலும் மனுச் செய்ய விரும்பினோம்; வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் தெரியாமல் யார்மீது மனுப் போடுவது? அங்கேதான் நிற்கிறோம். ஆகவே மலைக்குப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே ஆளின் முழுப்பெயரையும் நிறுவனப் பதிவெண்ணையும் எழுதி வாங்குங்கள். சுற்றுலா அமைச்சு வழங்கும் வழிகாட்டி உரிமத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பெர்மிட் தேவையா என்பதை வன இலாகாவிடமே கேளுங்கள். கணக்கு எண்ணை, மோசடிப் புகார் வந்த கணக்குகளைச் சரிபார்க்க உதவும் போலீசின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள், அங்கே ஒன்றும் வராவிட்டாலும் பெயர் பொருந்தாத கணக்கில் பணம் போடாதீர்கள். வயதானவர்களோடு நண்பகலுக்குப் பிறகு காட்டுப் பாதையில் கால் வைக்கவே வேண்டாம்.

அந்தத் தாளைச் சித்தி பத்திரமாக வைத்திருக்கிறார். ரிங்லெட்டில் இதேபோல் நீல மையில் எழுதிய பாதித் தாளை வாங்கியவர்கள் இருந்தால், அதைத் தூக்கி எறியாமல் கேமரன் மலைப் போலீசில் நீங்களும் ஒரு புகார் எழுதிக் கொடுங்கள்.