நாயிடமிருந்து மரத்தைக் காப்பதாகச் சொல்லி வருபவர்கள்: கிருஷ்ணகிரி வட்டாரத்தினருக்கு ஓர் எச்சரிக்கை

கிருஷ்ணகிரி நகரையொட்டிப் புதிதாக உருவாகிவரும் மனைப்பிரிவுகளில், வீட்டுத் தோட்டமும் செல்லப்பிராணியும் வைத்திருப்பவர்களைத் தேடி வந்து, நாயும் பூனையும் கொடியையும் மரத்தையும் தொடாதபடி செய்து தருவதாகக் கூறி முன்பணம் வாங்கும் ஒரு குழுவினரைப் பற்றி இதை எழுதுகிறேன். அவர்கள் எங்கள் வீட்டில் செய்த வேலையால் இரண்டு ஒட்டு மாங்கன்றுகள் பட்டுப்போயின, காய்த்துக்கொண்டிருந்த அவரைக்கொடியை வேரோடு பிடுங்கி எறிய நேர்ந்தது, எங்கள் நாய் செத்துப் பிழைத்தது. புகார் மனு விசாரணையில் இருப்பதால் அவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் வேலை செய்யும் முறையை முழுமையாக எழுதுகிறேன். அதே முறையில் யார் வந்தாலும் நீங்கள் அடையாளம் காண அது போதும்.

எங்கள் வீடு இராயக்கோட்டை சாலையில் இருக்கிறது. வாசலில் கல்தூண் நட்டுப் போட்ட பந்தலில் முல்லையும், அதன் பக்கத்தில் அவரையும், பின்புறம் சந்தூரில் வாங்கி வந்த இமாம்பசந்த், செந்தூரா, மல்கோவா ஒட்டுக்கன்றுகளும் இருந்தன. நாட்டு நாய்க்குட்டி ஒன்றை வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் பருவத்தில், அதாவது ஏறக்குறைய ஆறு மாத வயதுவரை, குட்டிகளுக்கு ஈறு நமைச்சல் இருக்கும், கிடைத்ததையெல்லாம் கடிக்கும். எங்கள் குட்டி முல்லையின் அடித்தண்டைக் கடித்துப் பட்டையை நாராக உரித்தது. தண்ணீர் ஊற்றிய பாத்தி குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் நேரத்தில் அங்கேயே தோண்டிப் படுத்தது. பூனையோ, நகத்தின் மேலுறையைக் கழற்றவும் தன் எல்லையைக் குறிக்கவும் நிமிர்ந்து நிற்கும் எதையாவது பிறாண்டியாக வேண்டும். அதற்கு மாங்கன்றின் தண்டு வாகாக அமைந்துவிட்டது. இவை உண்மையான சேதங்கள், இதற்குத் தீர்வு தேடுவதும் நியாயமானதே. அந்த நியாயமான தேவையைத்தான் இவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆடி மாதத்தில் ஓர் இளைஞர் வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், வலை, பூச்சு, மூலிகைக் குருணை மூணும் சேர்ந்த பேக்கேஜ்ங்க. நாய் இந்தப் பக்கமே திரும்பாது" என்றார். மொத்தம் 14,500 ரூபாய், அதில் 9,000 ரூபாய் முன்பணம், மீதி தை மாத இரண்டாம் சுற்று வேலையின்போது என்று பேசினார். குருணையில் என்ன இருக்கிறது என்று என் கணவர் கேட்டதற்கு, "அது எங்க தயாரிப்பு ரகசியம் சார், முழுக்க மூலிகைதான்" என்ற பதிலே கிடைத்தது. ரசீது என்று கொடுத்த தாளில் 'தோட்டப் பராமரிப்பு' என்ற சொல்லும் தொகையும் மட்டும் இருந்தன. பயன்படுத்திய பொருள்களின் பெயர், முகவரி, வரிப் பதிவு எண் எதுவும் இல்லை.

முதல் சுற்றில், கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையை ஒவ்வொரு கன்றின் தண்டிலும் ஒட்டினாற்போலச் சுற்றி, மேலும் கீழும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார்கள். முல்லையின் அடித்தண்டுக்கும் இதே கட்டு. வலைக்கு மேற்பகுதியில் கரிய எண்ணெய்ப் பூச்சு ஒன்றைத் தடவினார்கள். அதில் வண்டிப் பட்டறையின் வாடை அடித்தது. இளம் பட்டையின் நுண்துளைகள் வழியாகத்தான் தண்டு சுவாசிக்கிறது என்பதால் கழிவு எண்ணெய் அதற்கு ஆகாது. பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கித்தான் சுத்தம் செய்யும் என்பதால் பூனைக்கும் ஆகாது. ஆனாலும் அந்தப் பூச்சு செய்த கேட்டை விடக் கட்டுக்கம்பி செய்த கேடு பெரிது. மரம் வளர்க்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வேர் உறிஞ்சும் நீர் கட்டை வழியாக மேலே ஏறுகிறது. இலை சமைக்கும் உணவோ பட்டையின் உட்புறத் திசு வழியாக வேருக்கு இறங்குகிறது. தண்டு பருக்கும்போது முறுக்கிய கம்பி இளகுவதில்லை, பட்டைக்குள் பதிந்து சுற்றிலும் அறுக்கிறது. அப்போது நீர் மேலே போய்க்கொண்டேயிருப்பதால் இலைகள் பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். கீழே வேர் மட்டும் பட்டினி கிடந்து சாகும். இறங்க வழியில்லாத உணவு கம்பிக்கு மேலே தேங்குவதால் அந்த இடம் மோதிரம்போல வீங்கும். அதே தேக்கத்தால் மா பூக்கவும் செய்யும். பட்டையை வளையமாக வெட்டிப் பூக்கவைக்கும் முறை மா சாகுபடியில் தெரிந்த ஒன்றுதான். தை மாதம் இரண்டாம் சுற்றுக்கு வந்தவர், எங்கள் இமாம்பசந்த் கன்றின் நுனியில் பூங்கொத்தைக் காட்டி, "பாருங்க மேடம், எங்க வேலைக்கு அப்புறம் பூவே வந்துருச்சு" என்று சொல்லி மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார். உள்ளே சாகத் தொடங்கிய கன்று வெளியே செழிப்பாகத் தெரியும் இந்த இடைவெளியை வைத்துத்தான் இவர்கள் முழுப்பணத்தையும் வசூலிக்கிறார்கள்.

அன்றே கொடிகளின் அடியிலும் மாங்கன்றுகளின் பாத்தியிலும் சாம்பல் நிறக் குருணையைத் தூவி, மேலாக மண்ணைக் கிளறிவிட்டுப் போனார்கள். பாத்தியைத் தோண்டும் பழக்கமுள்ள நாய்க்கு அது என்ன பாதுகாப்பு என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது. மறுநாள் மாலை நாய் வாயில் நுரையும் எச்சிலும் வடிய, கால்கள் பின்ன, தசையெல்லாம் துடிக்கக் கிடந்தது. கால்நடை மருத்துவர் அதன் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்ததைப் பார்த்தவுடன், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி உள்ளே போயிருக்கிறது என்று சொல்லி அட்ரோபின் ஊசி போட்டார். உடனே கொண்டுவந்ததால் பிழைத்தது என்றும், வீட்டிலேயே உப்புக்கரைசல் ஊட்டி வாந்தியெடுக்க வைக்க முயன்றிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும் என்றும் அவர் கூறினார். வண்டி வசதி இல்லாதவர்கள் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழைக்கலாம். நாய் தின்ற பொருளில் சிறிதளவையாவது மூடிய டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் பெரியவர், பல ஆண்டுகள் நிலக்கடலை பயிரிட்டவர். பாத்திக்கு அருகே வந்ததும் அவருக்கு வாடை பிடிபட்டுவிட்டது. "ஏம்மா, இது அந்தக் காலத்துக் குருணை மருந்தாச்சே, கோழி கொத்துனா அங்கயே சுருண்டு விழுமே" என்றார். அவர் சொன்னது ஃபோரேட், மருத்துவர் குறிப்பிட்ட அதே ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி. மத்திய அரசு 2018-இல் பிறப்பித்த தடை ஆணைப்படி, 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் ஃபோரேட்டை விற்பதும் பயன்படுத்துவதும் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளன. அது மண்ணின் மேலேயே தங்கும் நஞ்சும் அல்ல. வேர் அதை உறிஞ்சித் தண்டு, இலை, காய் என்று செடி முழுவதும் ஏற்றிவிடும். அதனால்தான் காய்த்துக் குலுங்கிய அவரையைப் பிடுங்கினோம், முல்லைப் பூவைத் தலையில் வைப்பதையும் சாமிக்குச் சாற்றுவதையும் நிறுத்தினோம். பேரப்பிள்ளைகள் மண்ணில் விளையாடும் வீட்டில், இதை மூலிகை என்று சொல்லித் தூவிவிட்டுப் போகும் துணிச்சலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாயின் நிலையைப் பார்த்த பிறகு அவர்கள் செய்த எல்லாவற்றையும் கழற்றினோம். இமாம்பசந்திலும் மல்கோவாவிலும் கம்பி முழு வட்டமாகப் பட்டையை அறுத்திருந்தது. அந்தக் கன்றுகள் பங்குனிக்குள் வாடிக் காய்ந்தன. செந்தூராவில் ஒரு பக்கப் பட்டை தப்பியிருந்ததால் அது உயிரோடு இருக்கிறது. காய்ந்த மல்கோவாவின் அடியிலிருந்து இப்போது ஒரு துளிர் வந்திருக்கிறது, ஆனால் அது ஒட்டுக்குக் கீழே முளைத்திருப்பதால் மல்கோவா ஆகாது, வேர்ச்செடியான நாட்டு மா மட்டுமே. தொலைபேசியில் கேட்டபோது அந்த நிறுவனத்தார் கொடுத்த பதில்: "மரம் பருத்ததால கம்பி இறுகியிருக்கு, அதுக்கு நாங்க எப்படிங்க பொறுப்பாக முடியும்?" கன்று பருப்பதற்காகத்தானே நடப்படுகிறது? நாயைப் பற்றிக் கேட்டதற்கு அது வெளியே எதையோ தின்றிருக்கும் என்றார்கள். அதன்பின் எங்கள் எண்ணிலிருந்து போகும் அழைப்பை அவர்கள் எடுப்பதில்லை.

இதே வேலையை உங்கள் வீட்டில் யாராவது செய்திருந்தால், முதலில் தண்டுக்கும் கம்பிக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள்; நுழையாவிட்டால் இன்றே வெட்டி எடுங்கள். பட்டைக்குள் புதைந்துவிட்ட கம்பியைப் பிடித்து இழுத்தால் மீதிப் பட்டையும் உரியும், ஆகவே துண்டு துண்டாக நறுக்கியே எடுக்க வேண்டும். காயத்தின் பிசிறுகளைக் கூரான கத்தியால் சீராக்கிவிட்டு, பூஞ்சை தொற்றாமல் காக்கும் போர்டோ பசை பூசலாம்: ஒரு கிலோ மயில்துத்தத்தையும் (செம்பு சல்பேட்) ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனியே ஐந்து லிட்டர் நீரில் கரைத்து, இரும்பு அல்லாத பாத்திரத்தில் கலப்பது வழக்கமான அளவு, வீட்டுக்குச் சில கன்றுகள்தான் என்றால் அதே விகிதத்தில் நூறு கிராம் போதும். செம்புச் சத்து நாய்க்கும் ஆகாது என்பதால், பசை காயும்வரை அதை அருகில் விடக்கூடாது. நாய் அப்போதுதான் உரித்த பட்டை ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தால், அதைப் பழைய இடத்திலேயே அழுத்தித் துணியால் கட்டிவைத்தால் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. சில வாரங்களில் கட்டை அவிழ்த்துவிட வேண்டும்.

வலையே தவறு என்று நான் சொல்லவில்லை. தண்டைத் தொடாமல், ஒன்றரை அடியாவது விலகி, மூன்று மூங்கில் குச்சிகளையோ கல்தூண்களையோ நட்டு அவற்றைச் சுற்றி வலை கட்டினால் நாயும் எட்டாது, மரமும் தடையின்றிப் பருக்கும். இந்த மாவட்டத்தில் கல்தூண் கிடைப்பது கடினமுமில்லை. கொடியின் அடித்தண்டுக்கு, நெடுக்கில் பிளந்த அகலமான பிளாஸ்டிக் குழாயைக் கவசமாக நிறுத்தலாம். பாத்தியில் தட்டைக் கற்களைப் பரப்பினால் தோண்டுவது பெரும்பாலும் நின்றுவிடும், ஈரமும் காக்கப்படும். ஆட்டுக்காகக் கன்றைச் சுற்றி முள் கட்டும் பழைய வழக்கம் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் பொருந்தாது; கண்ணில் குத்திவிடும். பூனைக்குத் தேங்காய் நார்க்கயிறு சுற்றிய கட்டை ஒன்றை, அது பிறாண்டும் மரத்தின் பக்கத்திலேயே நட்டுக் கொடுங்கள். நாய்க்கு நிழலில் ஒரு மணல் குழியும், கடிக்க ஏதாவது ஒன்றும் வேண்டும். ஒரே இடத்தில் தினமும் சிறுநீர் கழித்தால் அதிலுள்ள உப்பும் நைட்ரஜனும் அடித்தண்டைக் கருக்கும். உடனே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப்போகும். எலும்புத் தூளும் மீன் கரைசலும் இட்ட பாத்தியை நாய் தோண்டாமல் விடாது. ஆமணக்குப் புண்ணாக்கு அதன் வாயில் பட்டால் உயிருக்கே ஆபத்து. நாய் இருக்கும் வீட்டில் வேப்பம் புண்ணாக்கையே இடுங்கள். அந்துருண்டையைச் செடியடியில் போடச் சொல்பவர்களின் பேச்சையும் கேட்காதீர்கள், நாய்க்கும் பூனைக்கும் அது நஞ்சு.

யார் வந்து என்ன மருந்து போடுவதாகச் சொன்னாலும், மூல உறையைக் கேட்டுப் பாருங்கள். பூச்சிக்கொல்லி எதுவானாலும் அதன் உறையில் மருந்தின் பெயரும் சாய்சதுரக் குறியும் இருக்க வேண்டும். அந்தக் குறியின் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற இறங்குவரிசையில் நஞ்சின் கடுமையைக் காட்டும். உறையில்லாமல் வெறும் பாலித்தீன் பையில் கொண்டுவருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். கூலிக்காகப் பூச்சிமருந்து அடிக்கும் நிறுவனங்களுக்கும் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன் கீழ் உரிமம் தேவை. அதன் நகலைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

நாங்கள் மருத்துவரின் சிகிச்சைச் சீட்டு, ரசீது, படங்கள் ஆகியவற்றுடன், பூச்சிமருந்து ஆய்வாளர் அதிகாரம் பெற்ற வேளாண்மைத் துறை அலுவலரிடமும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். குருணை கலந்த மண்ணை எரிக்கவோ கால்வாயில் கொட்டவோ இல்லை. மூடிய வாளியில் பூட்டி வைத்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம், செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதே ஆட்கள் உங்கள் தெருவிலும் வேலை செய்திருந்தால், உங்களிடம் உள்ள ரசீதையும் தண்டில் கம்பி பதிந்திருக்கும் படத்தையும் பத்திரமாக வைத்து, நீங்களும் தனியே மனுக் கொடுங்கள். ஒரே முறையில் பல வீடுகள் பாதிக்கப்பட்டன என்று தெரிந்தால்தான், இதை ஒரு வீட்டின் நாய் தின்ற கதையாக ஒதுக்கிவிட முடியாது.