தவிலையும் தாங்கும், அறையையும் அடக்கும்: திருகோணமலை வீட்டு ஸ்டூடியோவுக்கு ஷூர் எஸ்எம்57

உவர்மலையிலோ உப்புவெளியிலோ வீட்டில் ஒரு அறையை ஸ்டூடியோ ஆக்குகிறவர்கள் முதலில் வாங்குவது அனேகமாக ஒரு மலிவுக் கொண்டென்சர் மைக். ஸ்டாண்ட், பொப் ஃபில்டர், வயர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். ஹெட்ஃபோனில் கேட்டால் குரல் பளிச்சென்று இருக்கும். இரண்டாம் நாள்தான் மற்றதெல்லாம் கேட்கத் தொடங்கும்: ஃபேன், காகம், ஒழுங்கையால் போகும் ஓட்டோ, பின்வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம். சீமெந்துத் தரை, வெறும் சுவர், மேலே ஓடு அல்லது தகரம் என்று இருக்கும் அறையில் கூர்மையான காது உள்ள மைக் உதவியை விட உபத்திரவமே கூடத் தரும். ஷூர் எஸ்எம்57இன் காது கொஞ்சம் மந்தம். இங்கே அதை வாங்கச் சொல்வதற்கு முதற் காரணமே அதுதான்.

மந்தம் என்பதும் பாதிதான் உண்மை. இரண்டு மைக்கையும் ஒரே தூரத்தில் வைத்து, குரலை ஒரே அளவுக்கு உயர்த்தினால், அறையின் எதிரொலி இதிலும் வரத்தான் செய்யும். ஆனால் இதை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகலாம். 40 செ.மீ. தள்ளி இருந்ததை 10 செ.மீ.க்கு நகர்த்தினால் குரல் ஏறக்குறைய 12 டெசிபல் கூடும், அறைச் சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். கூர்மையான கொண்டென்சரை அவ்வளவு கிட்ட வைத்தால் மூச்சும் உதடு ஒட்டிப் பிரிகிற சத்தமும் பாட்டை விட முன்னுக்கு வந்து நிற்கும்.

இது கார்டியொயிட் வகை. நேர் பின்னால் வருவதைத்தான் ஆகக் கூடுதலாகத் தள்ளும். ஆகவே மைக்கின் வால் யன்னலைப் பார்க்கவேண்டும், பாடுகிறவரும் யன்னலைப் பார்த்து நிற்கவேண்டும். பலர் மாறிச் செய்கிறார்கள். பாடகரை யன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால், மைக் தெருவை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். பாடகரின் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்துவிடுங்கள். விலை கொடுத்து வாங்கி ஒட்டும் மெல்லிய ஃபோம் துண்டுகளை விட அது கூட வேலை செய்யும். கச்சான் வீசுகிற மாதங்களில் ஃபேனை நிற்பாட்டச் சொல்வது கொடுமைதான். பல்லவிக்கு நிற்பாட்டி, எடுத்து முடிந்ததும் போட்டு, சரணத்துக்குத் திரும்பவும் நிற்பாட்டுங்கள்.

1965இல் சந்தைக்கு வந்த மைக் இது. எடை 284 கிராம். 40 ஹேர்ட்ஸ் தொடக்கம் 15,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். 200க்குக் கீழே மெல்லச் சரியும், 5, 6 கிலோஹேர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கும். டைனமிக் மைக் (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டது) என்பதால், கொண்டென்சருக்கு வயர் வழியாக அனுப்பவேண்டிய 48 வோல்ட் மின்சாரம் இதற்குத் தேவையில்லை. தலைப்பக்கம் கையால் சுற்றினால் சுழலும், உடைந்துவிட்டது என்று பயப்படவேண்டாம்.

இதன் பெரிய குறை வெளியீடு குறைவு என்பது. 94 டெசிபல் சத்தத்துக்கு 1.6 மில்லிவோல்ட்தான் தரும். தாலாட்டு மாதிரி மெல்லப் பாடும் குரலுக்கு, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸில் 50 டெசிபலுக்கு மேல் கெய்ன் (சத்தத்தைப் பெருக்கும் அளவு) கேட்கும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறையில் இருப்பது 56 டெசிபல். குமிழைக் கடைசி வரை திருப்பவேண்டி வரும். நான்காம் தலைமுறையில் 69 இருப்பதால் சிக்கலில்லை. பழையது கையில் இருந்தால் மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே சத்தத்தை உயர்த்தும் கிளவுட்லிஃப்டர் போன்ற இடைப்பெட்டி ஒன்றைப் போடலாம். அந்தப் பெட்டிக்கு மட்டும் 48 வோல்ட் வேண்டும். பதிவை 24 பிட்டில் எடுத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் போதும். சிவப்பு விளக்கு வரைக்கும் ஏற்றுவது டேப் காலத்துப் பழக்கம்.

தவிலுக்கு வந்தால் கதையே வேறு. கெய்ன் குமிழ் பாதியைத் தாண்டவே தாண்டாது. கூடு போட்ட விரல் வலந்தலையில் விழும்போது மலிவுக் கொண்டென்சர் பிசிறடிக்கும், இது அசையாது. இரண்டு மைக் இருந்தால் ஒன்றை வலந்தலைக்கு 15 செ.மீ. தூரத்தில், விளிம்புக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடத்தைப் பார்க்க வையுங்கள். மற்றது கம்பால் அடிக்கும் பக்கமான தொப்பிக்கு 20 செ.மீ., கம்பு வீசுகிற பாதைக்கு வெளியே. பிறகு செய்யவேண்டிய ஒரு சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கத் தோல் உள்ளே போகும்போது மற்றப் பக்கத் தோலைக் காற்று வெளியே தள்ளும். அதனால் இரண்டு தடங்களையும் சேர்த்துப் போட்டால் அடித்தொனி ஒன்றையொன்று தின்றுவிடும், தவில் தகர டப்பாவாகிவிடும். இரண்டையும் மொனோவில் கேட்டு, தொப்பித் தடத்தின் பொலாரிட்டியை (அலையின் மேல் கீழை) புரட்டிப் பாருங்கள். எதில் அடி கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். தொனியைத் திருத்தும் ஈக்யூவைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

நாதஸ்வரத்துக்கு அணசின் (குழலின் விரிந்த அடிப்பகுதி) வாய்க்கு நேரே மைக்கை நீட்டுவது பிழை. சத்தம் விரல் துளைகளாலும் வருகிறது. அணசுக்கும் கடைசித் துளைகளுக்கும் நடுவே, அரை மீற்றர் தள்ளி, 30 பாகை சரித்து வைத்தால் சுரங்கள் சமமாக வரும். முன் சொன்ன 5 கிலோஹேர்ட்ஸ் மேடு இங்கேதான் காதைக் குத்தும். சரித்து வைப்பது அதையும் கொஞ்சம் தணிக்கும், மிச்சத்தை மிக்ஸில் 3 டெசிபல் வெட்டினால் சரி. உடுக்கு, றபான் இரண்டுக்கும் இதே மைக் கேள்வியில்லாமல் பொருந்தும்.

குரலில் கவனிக்கவேண்டியது 'ப'. கோயில் பாட்டு எடுக்கும்போது 'பத்திரகாளி' என்று தொடங்கிப் பாருங்கள்: முதலெழுத்தில் ஒரு குண்டு வெடிக்கும். மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் வாயோரமாக, மூக்கு மட்டத்திலிருந்து கீழ்நோக்கிச் சரித்து, ஃபோம் உறை போட்டு, 8 முதல் 10 செ.மீ. தூரத்தில் வையுங்கள். உதட்டில் முட்டுகிற அளவுக்குப் போனால் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே 6 முதல் 10 டெசிபல் வரை வீங்கும். வானொலி அறிவிப்பாளருக்கு அது வடிவு, பாட்டுக்கு மொத்தை. மிக்ஸில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். உரத்த இடங்களைத் தணிக்கும் கொம்ப்ரஸரால் 6 டெசிபல் அமுக்கி 6 டெசிபல் திருப்பி ஏற்றினால், வரிகளுக்கு இடையில் கிடக்கும் ஃபேன் சத்தமும் 6 டெசிபல் ஏறும் என்பதை மறக்கவேண்டாம். குரலை எடுப்பதற்கு முன்பே அறையைச் சரிசெய்யச் சொல்வது அதனால்தான்.

வீணைக்கும் தம்புராவுக்கும் இதை வாங்கவேண்டாம். மெல்லிய சத்தம், நீண்ட கார்வை. கெய்னை ஏற்ற ஏற்ற இரைச்சல்தான் வரும். மிருதங்கத்தின் தொப்பிக்கு நல்லது, வலந்தலையின் மணி நாதம் மட்டும் கொஞ்சம் மங்கும்.

50 ஹேர்ட்ஸ் 'ம்ம்ம்' கேட்டால் மைக்கைப் பழி சொல்லாமல் முதலில் லப்டொப் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். நின்றால் எர்த் பிரச்சினை. அதற்காக பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது ஆபத்து, மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். நிற்காவிட்டால் மைக்கை அடப்டர்கள், ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்திலிருந்து தள்ளிப் பாருங்கள். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபோமர் காந்தப் புலத்தை இழுக்கும்.

மாரியில் கொண்டென்சர் 'படபட' என்று பொரிவது ஈரம் ஏறி அதன் மின்னேற்றம் கசிவதால். எஸ்எம்57க்கு அந்த வியாதி இல்லை. ஆனால் உப்புக்காற்று இதையும் விடாது: வயர் செருகும் எக்ஸ்எல்ஆர் பின்கள் பச்சை பூக்கும், கறள் பிடித்த ஸ்டாண்டின் இரும்புத்தூள் உள்ளே உள்ள காந்தத்தில் போய் ஒட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள்.

கள்ளப் பொருள் தாராளமாக உலவும் மொடல் இது. பார்சலைப் பிரித்ததும் சமையலறைத் தராசில் வையுங்கள். 284 கிராமை விட நன்றாகக் குறைந்தால் சந்தேகப்படலாம். உடம்பில் ஓன்-ஓஃப் சுவிட்ச் இருந்தால் சந்தேகமே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். பெட்டியில் எல்சி (LC) என்று எழுதியிருந்தும் உள்ளே வயர் இருந்தால் அதையும் கேள்வி கேளுங்கள். அந்த இரண்டு எழுத்துக்கும் அர்த்தமே வயர் இல்லை என்பதுதான்.