கூந்தன்குளம் கரையில் 600 மி.மீ. லென்ஸ்: ஜிம்பலா, மோனோபாடா, சோள மூட்டையா?

லென்ஸ் வாங்கும் முன் அதன் கூர்மையைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள்கூட, அதை எப்படித் தூக்குவது, எதன்மேல் நிறுத்துவது என்பதைப் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். சோனி 200-600 லென்ஸ், அதைச் சுற்றிய பிடிவளையமான காலரின் கால் இல்லாமலே 2115 கிராம். ஏ7 4 பாடி பேட்டரியோடு 658 கிராம். காலும், அதன் அடியில் திருகும் பிளேட்டும், லென்ஸ் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான ஹூடும், வாரும் சேர்ந்தால் மூன்று கிலோவைத் தாண்டும். சிக்மா 150-600 கன்டெம்பரரி 1930 கிராம், நிக்கான் இசட் 180-600 காலர் இல்லாமல் 1955 கிராம். அங்கேயும் கதை இதேதான். 600 மி.மீ.யில் லென்ஸ் பார்க்கும் கோணம் மூலைக்கு மூலை நான்கு பாகைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மணிக்கட்டு லேசாக அசைந்தாலே எதிர்க்கரை நாரை கட்டத்தைவிட்டு வெளியே போய்விடும்.

திருநெல்வேலிப் பக்கத்துக்கு எது ஒத்துவரும் என்று பார்த்ததில் கிடைத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதலில் வாங்க வேண்டியது நல்ல வார், அடுத்து ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட், அதற்கடுத்து தையல்காரரிடம் தைத்த பீன்பேக், அதாவது தானியம் நிரப்பிய பை. ட்ரைபாட் மேல் லென்ஸை ஊஞ்சல்போலத் தாங்கும் ஜிம்பல் ஹெட் கடைசி. கடைக்காரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.

ஜிம்பலில் குறை ஒன்றும் இல்லை. சரியாகச் சமன் செய்த ஜிம்பலில் மூன்று கிலோ லென்ஸை ஒற்றை விரலால் திருப்பலாம். திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் கரையில் ஓரிடத்தில் உட்கார்ந்து, கூட்டுக்குக் குச்சி கொண்டுவரும் மஞ்சள் மூக்கு நாரையையும் தண்ணீரில் இறங்கும் கூழைக்கடாவையும் மணிக்கணக்கில் பின்தொடர இதைவிடச் சிறந்த கருவி கிடையாது. எடைதான் பிரச்சினை. பெயர்பெற்ற விம்பர்லி டபிள்யூஎச்-200 தலை மட்டுமே 1.4 கிலோவுக்கு மேல். அதைத் தாங்கும் ட்ரைபாடையும் சேர்த்தால், லென்ஸின் எடைக்குச் சமமான இன்னொரு சுமை தோளில் ஏறும். கரையில் இடம் மாறி மாறி நடப்பவருக்கு இது தண்டனை.

ஜிம்பலைச் சமன் செய்யத் தெரியாமலேயே பலர் அதைக் குறை சொல்கிறார்கள். முறை இதுதான். லென்ஸை ஏற்றி, சாய்வுத் திருகை அரைப்பிடியில் வைத்து, ஒரு கையை லென்ஸின் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிளேட்டை, அதைக் கவ்வும் கிளாம்புக்குள் முன்னும் பின்னும் நகர்த்தி, லென்ஸ் தானாகக் கிடைமட்டமாக நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். கேமரா, ஹூட், டெலிகன்வர்ட்டர் (லென்ஸின் எட்டத்தைக் கூட்டும் துணைக்குழல்) எல்லாம் மாட்டிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஹூடைப் பிறகு மாட்டினால் மூக்கு தொங்கும். அடுத்து உயரம். லென்ஸை முப்பது பாகை சாய்த்து மெதுவாகக் கையை எடுங்கள். சாய்த்த இடத்திலேயே நின்றால் சரி. திரும்பிக் கிடைமட்டத்துக்கு வந்தால் எடையின் மையம் அச்சுக்குக் கீழே இருக்கிறது, லென்ஸ் உட்காரும் மேடையை உயர்த்த வேண்டும். சாய்ந்த பக்கமே மேலும் கவிழ்ந்தால் மையம் மேலே இருக்கிறது, இறக்க வேண்டும். இரண்டாவதுதான் ஆபத்து. திருகை இறுக்காமல் கையை எடுத்தால் மொத்தமும் கவிழ்ந்து லென்ஸ் ட்ரைபாட் காலில் மோதும்.

இங்கே லென்ஸின் அமைப்பும் முக்கியம். சோனி 200-600, நிக்கான் 180-600 இரண்டும் ஜூம் செய்தால் நீளாதவை. ஒருமுறை சமன் செய்தால் போதும். சிக்மா 150-600, டாம்ரான் 150-600 போன்றவை குழல் நீளும் ரகம். 150-இல் சமன் செய்தால் 600-இல் முன்பக்கம் கனக்கும். இவற்றை அதிகம் பயன்படுத்தும் நீளத்தில், அதாவது 600-இல், சமன் செய்து வைத்துக்கொண்டு, குறைந்த நீளத்தில் திருகைச் சற்று இறுக்கிக்கொள்வதுதான் வழி.

இன்னொன்று, சுழலும் அச்சு செங்குத்தாக இல்லாவிட்டால் பறவையைப் பின்தொடரத் தொடர அடிவானம் சரிந்துகொண்டே போகும். காலர் மோதிரத்தைத் திருப்பினால் ஒரு திசையில்தான் சரியாகும், லென்ஸ் வேறு பக்கம் திரும்பியதும் மறுபடி சரியும். எனவே ட்ரைபாட் காலின் நீளத்தை நீர்மட்டக் குமிழி பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். குளக்கரைச் சரிவில் இதற்குப் பொறுமை வேண்டும். இரண்டு கால் தண்ணீர்ப் பக்கம் கீழே, ஒரு கால் கரைமேல் என்று ஊன்றினால் கவிழாது. ட்ரைபாடுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் மட்டம் பிடிக்கும் லெவலிங் பேஸ் இருந்தால் வேலை நொடியில் முடியும். ஆனால் அதுவும் எடை, அதுவும் துட்டு.

ட்ரைபாட் விளம்பரத்தில் வரும் '25 கிலோ தாங்கும்' என்பதை நம்பி வாங்காதீர்கள். அது கால் உடையாது என்பதற்கான கணக்கு. அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. மேல் குழாய் 32 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், நடுத்தண்டு இருக்கக் கூடாது. சோதிக்க எளிய வழி: லென்ஸை மாட்டி, 600-இல் கேமரா திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, ட்ரைபாட் காலை ஒரு தட்டு தட்டிப் படம் எப்போது நிற்கிறது என்று பாருங்கள். ஆடி முடிய நேரமெடுத்தால் ஆனி ஆடிக் காற்றுக்கு அது ஆகாது.

அந்தக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வள்ளியூர், இராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலை இவ்வளவு இருப்பதற்குக் காரணமான காற்று அது. ஹூட் மாட்டிய 600 மி.மீ. லென்ஸ் அதில் பாய்மரம்போல நடந்துகொள்ளும். அந்த மாதங்களில் ஹூடைத் திருப்பி மாட்டுவதும், முதுகுப்பையை ட்ரைபாட் நடுவில் தொங்கவிடுவதும், தொங்கும் பை ஆடாமல் அடிப்பகுதி தரையைத் தொடும்படி வைப்பதும் உதவும். முடிந்தால் நிற்பதைவிட உட்காருவது மேல். ஆடித் தொங்கும் பை, பை இல்லாததைவிட மோசம்.

இனி மோனோபாட். இந்தச் சீமையின் இடங்களுக்கு இதற்கே என் ஓட்டு. கரையில் நடக்கலாம், மடைச்சுவரில் ஊன்றலாம், கூந்தன்குளம் தெருவுக்குள் வீட்டு மரங்களில் பறவை கூடு கட்டியிருக்கும் இடங்களில் யாருக்கும் வழிமறிக்காமல் நிற்கலாம். அந்தத் தெருவில் ட்ரைபாடை விரித்து வைத்தால் தண்ணீர்க் குடத்தோடு வருகிறவர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பறவையைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பார்க்கும் ஊரில் அது நாகரிகமில்லை.

மோனோபாடில் லென்ஸை நேரடியாகத் திருகிவிட்டால் மேலே கீழே பார்க்க முழுத் தண்டையும் சாய்க்க வேண்டிவரும். முன்பின் மட்டும் சாயும் டில்ட் ஹெட் ஒன்று அவசியம். பால் ஹெட் வேண்டாம். அது பக்கவாட்டிலும் சரியும், மூன்று கிலோ லென்ஸ் திடீரென்று ஒரு பக்கம் விழும். பக்கவாட்டுத் திருப்பத்தை லென்ஸ் காலர் பார்த்துக்கொள்ளும். காலர் திருகைச் சிறிது தளர்த்தி வைத்தால் நிமிர்ந்த படமும் கிடைமட்டப் படமும் ஒரே நிற்பில் எடுக்கலாம்.

திருப்புடைமருதூரில் டில்ட் ஹெட்டின் அருமை தெரியும். தாமிரபரணிக் கரையில், நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய உயர்ந்த மரங்களில் பறவைகள் தங்கும் இடம் அது. இந்தியாவின் முதல் சமூகப் பங்கேற்புப் பாதுகாப்புக் காப்பகங்களின் வரிசையில் 2005-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே லென்ஸ் வானத்தைப் பார்க்கும். ஜிம்பலில் அந்தக் கோணத்தில் கேமராவின் பின்பக்கம் ஜிம்பலின் அடிப்பகுதியில் இடிக்கலாம், கண்ணும் வ்யூஃபைண்டருக்கு எட்டாது. மோனோபாடைக் குட்டையாக்கி, பின்னால் சற்றுத் தள்ளி நின்று, தண்டை உடம்புப் பக்கம் சாய்த்தால் சிக்கல் இல்லை. அடியில் நிற்பவர் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: எச்சம். லென்ஸில் விழுந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். ஈரத்துணியை எச்சத்தின்மேல் வைத்து ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். காய்ந்த எச்சத்தில் மணல் இருக்கும், கண்ணாடிப் பூச்சைக் கீறும்.

நிற்கும் விதமும் பாதி வேலை. தண்டின் அடியை உடம்புக்கு ஓரடி முன்னால் ஊன்றி, இரண்டு காலையும் அகட்டி, உடம்பின் எடையை லேசாக முன்னால் சாய்க்க வேண்டும். இடது கை லென்ஸின் மேல், குழலின் நடுவில். கண்கிண்ணம் புருவத்தில் அழுந்தட்டும். மோனோபாடில் கை அசைவைச் சரிக்கட்டும் லென்ஸின் நிலைப்படுத்தியை நிறுத்தத் தேவையில்லை. பறவையைப் பக்கவாட்டில் பின்தொடரும்போது சோனியில் நிலைப்படுத்தியின் இரண்டாம் முறை (மோட் 2), தாறுமாறாகப் பறக்கும் ஆலாக்களுக்கு மூன்றாம் முறை. ட்ரைபாடில் எல்லாத் திருகையும் இறுக்கி, மெதுவான ஷட்டரில் எடுக்கும்போது மட்டும் நிறுத்துங்கள்.

பூட்டில் இரண்டு வகை: முறுக்குவது, கொக்கி மாதிரி மடக்குவது. முறுக்குப் பூட்டு இலகு, ஆனால் திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மணல் இதற்குள் புகுந்தால் கரகரவென்று அரைக்கும். கழற்றி, ஈரத்துணியால் திருகுப் பள்ளத்தைத் துடைத்து, முழுக்க உலர்த்தி, துளி கிரீஸ் தடவி மாட்டினால் பழைய நிலைக்கு வரும். கழற்றும்போது உள்ளிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் ஊன்றும்போது அடிக்குழாயை மட்டுமல்ல, அதற்கு மேல் குழாயையும் நீட்டி, பூட்டு எதுவும் சேற்றுக்குள் போகாமல் பார்ப்பது நல்லது.

பீன்பேக்குக்கு வருவோம். காப்பகத்துக்குள் வண்டியைவிட்டு இறங்கக் கூடாத பாதைகளில் ட்ரைபாடும் மோனோபாடும் பின் இருக்கையில் தூங்கும். கார் ஜன்னலில் பீன்பேக்தான். கடைகளில் வெற்றுப் பையாக விற்பதைவிட, பை தைக்கும் கடையில் கித்தான் துணியில் தைப்பது மலிவு, உறுதியும்கூட. இரண்டு பைகள், ஒவ்வொன்றும் சுமார் 30-க்கு 20 செ.மீ., நடுவில் 8 செ.மீ. அகலத் துணியால் இணைத்தால் கதவின் இரண்டு பக்கமும் தொங்கி நிற்கும். தையல் இரட்டையாக இருக்கட்டும். ரெக்சின் வேண்டாம், வெயிலில் சுடும், லென்ஸும் வழுக்கும்.

உள்ளே என்ன போடுவது? மணல் கனம், தூசி கக்கும், லென்ஸுக்குப் பகை. உமி அமுங்கிப்போகும். தெர்மாகோல் மணி விமானப் பயணத்துக்குச் சரி, ஆனால் கனமான லென்ஸின் கீழ் நிலைகொள்ளாமல் துள்ளும். வெள்ளைச்சோளம்தான் சிறந்தது: உருண்டை மணி, லென்ஸை வைத்ததும் ஒதுங்கிக் குழி விடும், எடை ஏறியதும் இறுகிக்கொள்ளும். இரண்டரை முதல் மூன்று கிலோ போதும். பையில் முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் லென்ஸ் உருளும், பாதி நிரப்பினால் கதவு விளிம்பில் தட்டும். சோளத்தைப் பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டி உள்ளே வைத்தால் தையல் விட்டாலும் கொட்டாது. மாஞ்சோலைச் சாரலில் நனைந்தால் அன்றே வெளியே கொட்டிக் காயவையுங்கள், இல்லையென்றால் பூசணம். வண்டு விழுந்தால் கோழிக்குப் போட்டுவிட்டு வேறு நிரப்பிக்கொள்ளலாம். பாபநாசத்துக்கு பஸ்ஸில் போகிறவர் வெற்றுப் பையை மடித்து எடுத்துப்போய், அங்கே மளிகைக்கடையில் நிரப்பினால் சுமையும் மிச்சம்.

ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் பையை வையுங்கள். பாதி ஏற்றிய கண்ணாடியில் ஆறு கிலோவை வைத்தால் உள்ளிருக்கும் ஏற்றியிறக்கும் பொறி கெடும். எஞ்சினையும் அணைக்க வேண்டும். டீசல் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் பையும் அந்த அதிர்வை முழுதாக விழுங்காது.

வார் விஷயத்தில் ஒரே விதி: வார் லென்ஸின் காலில் மாட்டப்பட வேண்டும், கேமராவின் காதில் அல்ல. கேமராவில் தொங்கவிட்டால் இரண்டு கிலோவும் மவுண்ட் வளையத்தில் இழுக்கும். குறுக்காகப் போடும் 5 செ.மீ. அகல நைலான் வார் இந்த ஊர் வெயிலுக்குச் சரி. நியோப்ரீன் வார் முதல் அரைமணி சுகம், பிறகு வியர்வையில் ஊறிக் கழுத்தை அறுக்கும். காலின் கால் அங்குலத் துளையில் திருகும் கொக்கி, நடக்க நடக்க ஆடித் தளரும். ரப்பர் வாஷர் போட்டாலும் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் விரலால் இறுக்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கேமராவின் காதிலிருந்து வாருக்கு ஒரு சிறு துணைக்கயிறு கட்டினால் கொக்கி கழன்றாலும் தரைக்குப் போகாது. கயிற்று வகை இணைப்பானில் வெளி உறை தேய்ந்து உள்நிறம் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

சோனியின் மூலக்கால், பரவலாகப் புழங்கும் பிளேட் வடிவமான ஆர்க்காவுக்குரிய கிளாம்பில் நேரடியாக உட்காராது. பிளேட் போடுவதைவிட, ஆர்க்கா வடிவிலேயே வரும் மாற்றுக்கால் நல்ல செலவு. பிளேட்தான் என்றால் இரண்டு திருகு உள்ளதாக வாங்குங்கள். ஒற்றைத் திருகில் பிளேட் முறுக்கிக்கொள்ளும். இரண்டு முனையிலும் தடுப்புத் திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள், கிளாம்ப் தளர்ந்தால் லென்ஸைக் காப்பாற்றுவது அதுதான்.

இருசக்கர வண்டியில் மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகிறவர்கள் லென்ஸைத் தோளில் தொங்கவிட வேண்டாம். பாடியோடு மாட்டி ஹூடைத் திருப்பிவைத்தால் 45 செ.மீ. உள்நீளப் பை போதும். பையை முதுகில் போடுங்கள். பெட்ரோல் டேங்க் மேலோ கேரியரிலோ கட்டினால் அதிர்வில் லென்ஸ் காலின் திருகுகள் தளரும்.

பழைய ஜிம்பல் விற்பனைக்கு வந்தால் லென்ஸோடு போய்ப் பாருங்கள். இரண்டு அச்சையும் முழுதாகத் தளர்த்தி மெதுவாகச் சுழற்றும்போது எங்கேயாவது தடுக்கினால் உள்ளே மணல் அல்லது பழுதான பேரிங். திருகை இறுக்கிய பிறகும் மேடையைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கிளாம்பின் உதட்டில் தேய்மானம் இருந்தால் கிளாம்பை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.