ஏ.டி.ஹெச்சை நேரடியாக அளப்பதா, கோபெப்டினா, சிறுநீரா?

சர்க்கரை நோய் இல்லை. ஆனால் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிக்கு மேல் சிறுநீர் போகிறது. அப்போது சந்தேகம் ஏ.டி.ஹெச் என்கிற வாசோபிரஸ்ஸின் மீது விழும். மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியில் சேமிக்கப்பட்டு, சிறுநீரகம் தண்ணீரைத் தக்கவைக்கச் செய்யும் ஹார்மோன் அது. எந்த டெஸ்ட் எழுதுவது என்று முடிவு செய்யும் முன், சாம்பிள் எடுக்கும் இடத்துக்கும் ஃப்ரீசருக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

நேரடி ஏ.டி.ஹெச் டெஸ்டில் தொல்லை தருவது தட்டணுக்கள். ரத்தத்திலுள்ள வாசோபிரஸ்ஸினில் 90 சதவீதத்துக்கு மேல் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்காட்டில் எடுத்த ஊதா மூடி டியூபை அப்படியே பைக்கில் வைத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் குலுங்கச் சேலத்துக்கு இறக்கினால், தட்டணுக்கள் அதைக் கக்கிவிடும். ரிப்போர்ட் பொய்யாக ஏறி நிற்கும். நோயாளிக்குக் குறைபாடு இருக்க, தாளில் நார்மல் என்று வரும். எனவே ஊதா டியூபை முன்கூட்டியே குளிரவைத்து, எடுத்ததும் ஐஸ்தண்ணீரில் நிறுத்த வேண்டும். ஐஸ்கட்டி நேராகப் படக்கூடாது, சிவப்பணு உடையும். அரைமணிக்குள் குளிர் சென்ட்ரிஃப்யூஜில் நன்றாகச் சுழற்றி, பிளாஸ்மாவின் அடி மட்டத்தைத் தொடாமல் மேலிருந்து உறிஞ்சி, உடனே உறைய வைக்க வேண்டும். மலையிலேயே இதைச் செய்ய வசதி இல்லையென்றால் நோயாளியைக் கீழே வரச்சொல்வதே நல்லது.

கோபெப்டினுக்கு இந்தப் பதற்றம் வேண்டாம். வாசோபிரஸ்ஸின் பிறக்கும் அதே தாய்ப் புரதத்திலிருந்து, அதே அளவில் வெளிவரும் துண்டு அது. அறை வெப்பத்திலேயே சில நாள் தாங்கும். 50 மைக்ரோலிட்டர் போதும். சித்திரை வெயிலில் சாம்பிள் வெளியூர் ஆய்வகத்துக்குப் போகும்போது இதன் அருமை தெரியும். எதுவும் தூண்டாமல் எடுத்ததிலேயே லிட்டருக்கு 21.4 பிகோமோலுக்கு மேல் இருந்தால் பிரச்சினை சிறுநீரகத்தில். அதற்குக் கீழே என்றால், அடர் உப்புக் கரைசல் ஏற்றி, ரத்தச் சோடியத்தை லிட்டருக்கு 150 மில்லிமோலுக்குக் கொண்டுபோய், கோபெப்டினைப் பார்க்க வேண்டும். அப்போதும் 4.9ஐத் தாண்டாவிட்டால் ஹார்மோன் குறைபாடு. தாண்டினால் அதிகம் தண்ணீர் குடிக்கும் பழக்கம். 2018இல் வெளியான ஒப்பீட்டில் இம்முறை 96.5 சதவீதம் சரியாகச் சொன்னது. தண்ணீர் நிறுத்தும் பழைய டெஸ்ட் 76.6தான். ஆனால் கரைசல் ஏற்றும்போது அரைமணிக்கொருமுறை சோடியம் பார்க்க ஆளும் கருவியும் இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் செய்யலாம். இதயச் செயலிழப்பு, வலிப்பு உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. கிட்னி பழுதானால் கோபெப்டின் தானாகவே உயரும் என்பதையும் மறக்கக்கூடாது.

சிறுநீரில் ஹார்மோனையே அளப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சிறுநீரின் அளவும் கிட்னியின் நிலையும் எண்ணை ஏற்றி இறக்கிவிடும். சிறுநீர் எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் ஆஸ்மோலாலிட்டி வேறு: மலிவு, எளிது. தண்ணீர் நிறுத்தியபின் கிலோவுக்கு 800 மில்லிஆஸ்மோலைத் தாண்டினால் குறைபாடு இல்லை. 300க்குக் கீழேயே நின்றால் ஹார்மோன் குறைபாடோ சிறுநீரகப் பிரச்சினையோ நிச்சயம். நடுவில் நின்றால்தான் குழப்பம், அங்கேதான் கோபெப்டின் வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்த சிறுநீரில் உப்பு படியும். அறை வெப்பத்துக்கு வந்தபின் கலக்கி அளக்கவும். டெஸ்ட் முடியும்வரை நோயாளி பாத்ரூம் குழாயில் குடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூடவே இருக்கட்டும்.