பேட்டரி நிரம்பியிருந்தால் பிரேக் குறையும்: கோத்தகிரி மலைப்பாதையில் மூன்றேகால் ஆண்டு மின் ஸ்கூட்டர்

2022 செப்டம்பரில் வாங்கிய மின் ஸ்கூட்டரை மூன்றேகால் ஆண்டுகளாகக் கோத்தகிரியில் ஓட்டி வருகிறேன். இதுவரை 24,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடியிருக்கிறது. வீட்டிலிருந்து கீழ்க்கோத்தகிரி சாலையில் உள்ள தேயிலைத் தொழிற்சாலைக்குப் போக வர நாளொன்றுக்கு 18 கிலோமீட்டர். அங்கே எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. மாதத்தில் இரண்டு முறையாவது மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி ஏறுவேன். கணக்கெழுதும் கை சும்மா இருப்பதில்லை என்பதால், ஒவ்வொரு மேட்டுப்பாளையப் பயணத்திலும் புறப்படும்போதும் சேரும்போதும் பேட்டரி காட்டும் சதவீதத்தை ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறேன். வண்டியின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருப்பதில் பெரும்பகுதி, மூன்று யூனிட் அளவுக்குப் பேட்டரி கொண்ட எந்த மின் ஸ்கூட்டருக்கும் மலையில் பொருந்தும். விளம்பரங்களிலும் சமவெளியில் ஓட்டிப் பார்த்து எழுதப்படும் மதிப்புரைகளிலும் அது இருக்காது.

வாங்கிய முதல் மாதத்தில் நடந்ததை முதலில் சொல்கிறேன். மறுநாள் மேட்டுப்பாளையம் போக வேண்டும் என்பதால், யாரும் செய்வது போலவே, இரவெல்லாம் சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு கிளம்பினேன். அதுவரை ஊருக்குள் ஓட்டியதில், ஆக்சிலரேட்டரை விட்டவுடன் பின்னாலிருந்து யாரோ மெல்லப் பிடித்து இழுப்பது போல வண்டி தானாகவே வேகம் குறைவது பழகிப்போயிருந்தது. அரவேணு தாண்டிய இறக்கத்தில் கையை விட்டபோது அந்த இழுப்பு இல்லை. வண்டி உருண்டுகொண்டே போயிற்று. இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பிடித்து இறங்கியதில், சில வளைவுகளுக்குப் பிறகு கருகிய வாடை வந்தது; ஓரமாக நிறுத்திப் பார்த்தால் முன் டிஸ்க்கின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. மழைத்துளி ஒன்று அதன்மேல் விழுந்து 'சுர்' என்று காய்ந்ததைப் பார்த்துக்கொண்டே கால்மணி நேரம் நின்றேன். வண்டி பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பழுது எதுவும் இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் வரும் அந்த இழுப்பைத்தான் ரீஜென் என்கிறார்கள். சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் டைனமோவாக மாறி, உண்டாகும் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த வேலையைச் செய்யும் பளுதான் நமக்குப் பிரேக்காகத் தெரிகிறது. பேட்டரி ஏற்கெனவே விளிம்புவரை நிரம்பியிருந்தால் வருகிற மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை; செல்களுக்கு அளவுக்கு மீறி மின்னழுத்தம் ஏறக்கூடாது என்பதற்காக, பேட்டரியைக் காவல் காக்கும் சுற்று ரீஜெனை நிறுத்திவிடுகிறது. சமவெளியில் இது ஒரு பொருட்டே அல்ல. இரவில் சார்ஜ் போட்டு, காலையில் வாசலிலிருந்தே 33 கிலோமீட்டர் இறக்கத்தில் இறங்குகிறவனுக்கு மட்டுமே இது பிரச்சினை. மலைப்பாதை நெடுக 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். இந்த வண்டியில் கியரே இல்லை, கியர் செய்ய வேண்டிய வேலையை ரீஜென்தான் செய்கிறது என்பதை விற்றவரும் சொல்லவில்லை, கையேட்டிலும் ஒரு வரிக்கு மேல் இல்லை. அன்று முதல், மேலிருந்து இறங்குவதாக இருந்தால் 85 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதில்லை. என் வண்டியில் உள்ளது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகைப் பேட்டரி. அதை நாள்கணக்கில் முழுதும் நிரப்பி வைத்தால் சீக்கிரம் முதுமை தட்டும் என்பதால், இந்தப் பழக்கத்தால் பேட்டரிக்கும் நன்மைதான்.

இறங்கும்போது எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,500 மீட்டர். வண்டியும் நானும் பையும் சேர்த்து 180 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் முக்கால் யூனிட் மின்சாரம் வேண்டும். டயரின் உராய்வு, காற்றின் எதிர்ப்பு, மோட்டாரில் வெப்பமாகப் போவது எல்லாம் இதற்கு மேல். முழு பேட்டரியோடு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி வீடு சேரும்போது என் நோட்டில் முதல் ஆண்டில் பெரும்பாலும் 45 சதவீதம் மீதம் இருந்திருக்கிறது. இறங்கும்போது அந்த முக்கால் யூனிட்டும் கைக்கு வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சக்கரம் உருள்வதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் அதில் பாதி போய்விடும், மிச்சத்திலும் பெரும்பங்கு மோட்டாரிலும் கம்பியிலும் வளைவுகளில் பிடிக்கும் பிரேக்கிலும் சூடாகக் கரையும். 80 சதவீதத்தோடு இறங்கினால் மேட்டுப்பாளையத்தில் 83 அல்லது 84 என்று காட்டும். நான்கு சதவீதம் என்பது சிறிய எண்தான்; ஆனால் 33 கிலோமீட்டர் போன பிறகு புறப்பட்டதைவிட அதிகமாக இருப்பு காட்டும் கணக்கை நான் வேறெங்கும் எழுதியதில்லை. மேலிருந்து விழும் தண்ணீரின் வேகத்தை மின்சாரமாக்கும் வேலையைப் பைக்காராவில் 1932 முதல் செய்து வருகிறார்கள். மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல, இப்போது அது இருக்கைக்குக் கீழே நடக்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரையில் காட்டும் எண்ணை நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கடைசியாக ஓடிய சில கிலோமீட்டர்களின் செலவை வைத்து அது கணக்குப் போடுவதால், இறங்கி முடித்தவுடன் 190 என்று பெருமை பேசும். திரும்ப ஏறத் தொடங்கிப் பத்து கிலோமீட்டர் தாண்டுவதற்குள் 40 என்று பதறும். முதன்முறை அந்தப் பதற்றம் என்னையும் பிடித்துக்கொண்டதில், குஞ்சப்பனையில் வண்டியை நிறுத்தி, டீக்கடையில் சார்ஜ் போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர், "பிளக் இருக்குதுங்க, கரண்டுதான் இல்ல" என்றார். சதவீதத்தை மட்டும் நம்பி ஏறினால் போதும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஏற்றத்தில் வண்டியின் இழுவையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. முன்பு வைத்திருந்த பெட்ரோல் ஸ்கூட்டர் மேலே வர வர மூச்சு வாங்கும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அந்த அளவுக்கு எஞ்சினுக்கும் பலம் குறையும். காற்றே தேவைப்படாத மோட்டாருக்கு அந்தக் கவலை இல்லை. அதன் எதிரி வெப்பம். ஏப்ரல் மாத நண்பகலில், மேட்டுப்பாளையம் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டியை எடுத்து நேரே மலையேறினால், முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே எச்சரிக்கை விளக்கு எரிந்து, வேகம் தானாக 25 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். மூன்று கோடைகளில் ஐந்து முறை எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. நிழலில் பத்து நிமிடம் நிறுத்தினால் சரியாகிவிடும். இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டால் மலைக்காற்றே அதைப் பார்த்துக்கொள்ளும்.

குளிருக்கு வேறு குணம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் ஐந்தாறு டிகிரிக்கு வந்துவிடும் நாள்களில், முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ரீஜென் பாதியாகத்தான் வேலை செய்கிறது. குளிர்ந்த பேட்டரிக்குள் வேகமாக மின்சாரத்தைச் செலுத்தினால், லித்தியம் அயனிகள் செல்லின் எதிர்முனையாக இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும் ஆபத்து உண்டு. படிந்தது மறுபடி முழுதாகக் கரைவதில்லை. ரீஜெனும் ஒரு வகைச் சார்ஜ்தான் என்பதால் வண்டி அதைக் கட்டுப்படுத்துகிறது. முழு சார்ஜும் கடுங்குளிரும் ஒன்றாகச் சேர்ந்த காலையில் இறங்குவதுதான் இந்த வண்டிக்கு மிக மோசமான வேளை. அதாவது, சுற்றுலா வந்தவர் விடுதியில் இரவு சார்ஜ் போட்டுவிட்டு டிசம்பர் காலையில் ஊர் திரும்பும் அதே வேளை.

சத்தமில்லாத வண்டி என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். சென்ற ஆண்டு நவம்பரில் வேலை முடிந்து வரும்போது, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வளைவில் பனிமூட்டத்துக்குள் சாலையின் குறுக்கே ஒரு காட்டெருமை நின்றிருந்தது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் தொலைவிலேயே சத்தம் கேட்டு விலகியிருக்கும், அல்லது நிமிர்ந்தாவது பார்த்திருக்கும். நான் நான்கைந்து வண்டி நீளத்துக்குள் போய் நின்ற பிறகுதான் அதற்கு நான் வந்ததே தெரிந்தது. தலையைத் தூக்கி, மூக்கால் ஒரு முறை பலமாக ஊதிவிட்டு, வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்களை நகர்த்தாமல் அப்படியே நின்றது. விளக்கு வெளிச்சத்தில் அதன் மூச்சு புகையாக வந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. பின்னால் வந்த ஜீப்பின் இரைச்சல் கேட்டபிறகே தேயிலைக்குள் இறங்கியது. இப்போதெல்லாம் அந்தி சாய்ந்தபின் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் சின்னதாக ஹாரன் கொடுத்துவிட்டுத்தான் திரும்புகிறேன். கரடி நடமாட்டம் உள்ள ஊரில் அது மிகையான எச்சரிக்கை ஆகாது.

வீட்டில் சார்ஜ் போடுவதில் எதிர்பாராத ஒரு சிக்கல் இருந்தது. சார்ஜர் முதல் வாரமே சிவப்பு விளக்கைக் காட்டி வேலை செய்ய மறுத்தது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் தம்பி, "அண்ணா, கீழ பாறை. எர்த்து கம்பி இறங்கவே இல்ல, மேலாக்க வச்சு மூடிட்டுப் போயிருக்காங்க" என்றார். டிவியும் மிக்சியும் எர்த் இல்லாமலே இத்தனை நாள் ஓடியிருக்கின்றன. இந்தச் சார்ஜர் மட்டும் எர்த்தைச் சோதித்த பிறகே மின்சாரத்தை உள்ளே விடுகிறது. வீட்டுக்குப் பின்னால் மண் ஆழமாக இருந்த இடத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கினோம். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்றுவது வீட்டுச் சடங்காகிவிட்டது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனமாகப் பெய்யும். மரம் விழுந்து கம்பி அறுந்தால் ஒன்றரை நாள், இரண்டு நாள் மின்சாரம் இருக்காது. மழை எச்சரிக்கை வந்த அன்று மட்டும் 85 என்ற என் விதியைத் தளர்த்தி 100 வரை ஏற்றிவிடுவேன்.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, முன் பிரேக் பேடை 14,000 கிலோமீட்டரில் முதல் முறை மாற்றினேன்; பழைய வண்டியில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றியவன் நான். ரீஜென் முழுவதும் பின் சக்கரத்தின் மேல் விழுவதால் பின் டயர் விரைவாகத் தேய்கிறது, இப்போது மூன்றாவது டயர் ஓடுகிறது. சர்வீஸ் சென்டர் கோயம்புத்தூரில் இருக்கிறது. போக ஒரு நாள் விடுப்பு, அங்கே காத்திருக்க அரை நாள் பொறுமை. ஆனால் என் பெரிய மனத்தாங்கல் மென்பொருளைப் பற்றியது. 2024 தொடக்கத்தில் ஓர் இரவு தானாக இறங்கிய அப்டேட்டுக்குப் பிறகு, ரீஜெனின் பிடி கண்கூடாகத் தளர்ந்துவிட்டது. குறிப்பில் 'ஓட்டும் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வாடிக்கையாளர் சேவையைக் கேட்டால் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வந்த அடுத்த அப்டேட்டில் ரீஜெனைக் கூட்டிக் குறைக்கும் வசதியைச் சேர்த்ததால் பிரச்சினை தீர்ந்தது. சமவெளியில் ஓட்டுகிறவர் இந்த மாற்றத்தைக் கவனித்திருக்கவே மாட்டார். மலையில் அது, இரவோடு இரவாக வண்டிக்குள் வந்து பிரேக்கைத் தளர்த்திவிட்டுச் சொல்லாமல் போனதற்குச் சமம்.

வாங்கியபோது மத்திய அரசின் மானியம் ஒரு யூனிட் பேட்டரிக்கு 15,000 ரூபாய். 2023 ஜூனில் அது 10,000 ஆனது, 2024 ஏப்ரலில் வந்த இடைக்காலத் திட்டத்தில் 5,000 ஆகச் சுருங்கியது. அந்த வகையில் நான் நல்ல நேரத்தில் வாங்கினேன். சீனாவின் சி.ஏ.டி.எல். நிறுவனம் 2025 ஏப்ரலில் அறிவித்த சோடியம் அயனி பேட்டரி உறைகுளிரிலும் வேலை செய்யும் என்கிறார்கள். குளிரில் ரீஜென் குன்றாத வண்டி எப்போது இங்கே வரும் என்பதுதான் அந்தச் செய்தியில் என் அக்கறை.

இருக்கும் பேட்டரியின் நிலை இதுதான்: அதே பாதை, அதே சுமை, முழு சார்ஜோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால், 2022இல் 55 சதவீதம் செலவானது, இந்த மாதம் 60 செலவாகிறது. ஏறத்தாழ எட்டு சதவீதக் கொள்ளளவு போயிருக்கிறது, மோசமில்லை. உத்தரவாதம் செப்டம்பரில் முடிந்துவிட்டது. புதுப் பேட்டரி என்ன விலை என்று எழுத்தில் கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லாததால், நோட்டில் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.